ஹெட்லைட் மாற்றுமுன்: பெட்டியில் எழுதியதும் சாலையில் விழுவதும்

காரின் ஹெட்லைட்டை மாற்றும் எண்ணத்துடன் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகக் கடைத்தெருவுக்கோ இணையக் கடைக்கோ செல்பவருக்குக் காட்டப்படும் பெட்டிகளில் வாட், லூமன், கெல்வின், எச்4, கேன்பஸ், பை-எல்இடி, ஐபி67 என எண்களும் சுருக்கங்களும் நெருக்கியடித்து நிற்கும். அவற்றுள் ஒன்று விளக்கு இழுக்கும் மின்சாரத்தைச் சொல்லும், மற்றொன்று அது உமிழும் மொத்த ஒளியைச் சொல்லும், வேறொன்று நிறத்தையும் இன்னொன்று பொருத்தும் முறையையும் மட்டுமே சொல்லும். ஆயினும் எல்லாமே ‘வெளிச்சம் அதிகம்’ என்ற ஒரே பொருளில் விற்பவராலும் வாங்குபவராலும் படிக்கப்படுகின்றன. இரவில் வண்டி ஓட்டுபவருக்கு வேண்டியது, சாலையோரம் பின்விளக்கின்றி நிற்கும் கரும்பு டிராக்டரையோ குறுக்கே வரும் மாட்டையோ வண்டியை நிறுத்த முடியும் தொலைவிலேயே கண்டுகொள்வதும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காதிருப்பதும்தான். இவ்விரண்டையும் தீர்மானிப்பது ஒளி எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எங்கே விழுகிறது என்பதே. அதைச் சொல்லும் எண் பெரும்பாலான பெட்டிகளில் அச்சிடப்படுவதே இல்லை.

வாட் என்பது விளக்கு பேட்டரியிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் எடுத்துச் செலவிடும் மின்திறனின் அளவு. ஆலஜன் பல்புகள் மட்டுமே புழங்கிய காலத்தில், எல்லாப் பல்புகளும் ஏறத்தாழ ஒரே திறமையுடன் மின்சாரத்தை ஒளியாக மாற்றியதால், வாட் கூடினால் வெளிச்சம் கூடும் என்று கொள்வதில் பெரிய பிழை இருக்கவில்லை. எல்இடி வந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. ஒளியையே அளப்பது லூமன்: விளக்கு எல்லாத் திசைகளிலும் சேர்த்து உமிழும், மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் மொத்தம் அது. கார்களில் பரவலாக உள்ள 55 வாட் எச்7 ஆலஜன் பல்புக்கு ஐ.நா. வாகன விதிமுறைகள் 13.2 வோல்ட்டில் 1500 லூமன் என வரையறுத்துள்ளன. டிம், பிரைட் இரண்டையும் ஒரே பல்பில் தரும் எச்4 வகைக்கு டிம்மில் 1000, பிரைட்டில் 1650. இந்த எண்கள் நினைவில் இருந்தால் ‘20,000 லூமன்’ என்று பளபளக்கும் எல்இடி பெட்டியை எடைபோடுவது எளிது. ஹெட்லைட்டின் சூட்டில் இயங்கும் வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் அளவில் தருவதாகக் கொண்டால், உண்மையாகவே 40 வாட் இழுக்கும் பல்பு 4000 லூமனுக்கு அருகில்தான் நிற்கும். அதே பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணே முன்புறத்துப் பெரிய எண்ணைப் பொய்யாக்கிவிடும்.

லூமன் உண்மையாகவே இருந்தாலும் அது பல்பைப் பற்றிய செய்தியே தவிர சாலையைப் பற்றிய செய்தி அன்று. குறிப்பிட்ட ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிந்து செல்கிறது என்பதை அளப்பது கேண்டெலா. அந்த ஒளி ஒரு பரப்பின்மீது விழும்போது அங்கே உண்டாகும் வெளிச்சத்தை அளப்பது லக்ஸ். தோட்டத்துக் குழாயில் வரும் தண்ணீர் மாறாமலிருக்க, அதன் வாயை விரலால் அழுத்தும் விதத்தைப் பொறுத்து அது காலடியில் சிந்துவதோ தொலைவிலுள்ள செடியை எட்டுவதோ நிகழ்வதுபோல, ஒரே லூமன் கொண்ட இரு ஹெட்லைட்டுகள் சாலையில் முற்றிலும் வேறுபட்ட வெளிச்சத்தைத் தரலாம். தொலைவு இருமடங்கானால் லக்ஸ் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது ஒளியியலின் அடிப்படை விதி. ஆகவே 50 மீட்டரில் தெரிந்த ஒரு பொருளை அதே தெளிவுடன் 100 மீட்டரில் காண, அந்தத் திசையில் நான்கு மடங்கு கேண்டெலா தேவைப்படும். காலடியில் பத்து மீட்டருக்குள் சாலையைப் பால் கொட்டி நனைத்தாற்போல் வெளுக்கச் செய்யும் விளக்குகள் கடைவாசலில் கண்ணைக் கவர்ந்தாலும், அந்த அருகுவெளிச்சம் கண்ணின் பாவையைச் சுருங்கச் செய்வதால் தொலைவிலுள்ள இருட்டு மேலும் இருண்டு தெரியும். இந்த ஒரு காரணத்தாலேயே புது விளக்கு ‘நன்றாகத் தெரிகிறது’ என்று ஓட்டுநருக்குத் தோன்றுவதை முழுமையாக நம்ப இயலாது.

டிம் எனப்படும் லோ பீமில் ஒளிக்கு மேல்விளிம்பு ஒன்று உண்டு. சுவரின்மீது அடித்துப் பார்த்தால் கீழே வெளிச்சமும் மேலே இருட்டுமாகக் கோடு கிழித்தாற்போல் தெரியும் அந்த எல்லைக்குக் ‘கட்-ஆஃப்’ என்று பெயர். எதிரே வருபவரின் கண் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும்படியும், சாலையும் அதன் ஓரமும் கோட்டுக்குக் கீழே இருக்கும்படியும் அது அமைக்கப்படுகிறது. கோடு முழுவதும் மட்டமாகவும் இருப்பதில்லை: இடப்பக்கம் செல்லும் போக்குவரத்துள்ள இந்தியா, இலங்கை போன்ற நாடுகளுக்கான விளக்குகளில் அது இடக்கோடியில் மேல்நோக்கி ஏறி, சாலையோர நடையாளரையும் வழிகாட்டிப் பலகையையும் காட்டும், வலப்பக்கம், அதாவது எதிர்வண்டி வரும் பக்கம், தாழ்ந்தே இருக்கும். கட்-ஆஃப் எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்பதைச் சிறு கணக்கு காட்டிவிடும். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கின் கட்-ஆஃப் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் இறங்குமாறு வைக்கப்பட்டால் அது 65 மீட்டரில் தரையைத் தொடும். ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் 43 மீட்டரிலேயே முடிந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குக் கழியும் ஒன்றரை நொடியையும் சேர்த்து, உலர்ந்த சாலையில் நிற்க ஏறத்தாழ 70 மீட்டர் எடுக்கும். அதாவது முறையாக வைக்கப்பட்ட டிம்கூட அந்த வேகத்துக்குப் போதாது. இரவில் வேகம் குறைய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டியதில்லை.

இந்தக் கோட்டை உருவாக்கும் முறைகளைக் குறிப்பவையே ‘ரிஃப்ளெக்டர்’, ‘ப்ரொஜெக்டர்’ என்ற சொற்கள். ரிஃப்ளெக்டர் வகையில், வெள்ளிபோல் மின்னும் உட்குழிந்த பரப்பின் ஒவ்வொரு பகுதியும் பல்பின் ஒளியைச் சாலையின் ஒவ்வோர் இடத்துக்கு அனுப்புமாறு கணித்து வார்க்கப்படுகிறது. பழைய வண்டிகளில் இந்த வேலையின் பெரும்பகுதியை விளக்கின் முன்கண்ணாடியிலுள்ள வரிப்பள்ளங்கள் செய்தன. ப்ரொஜெக்டர் வகையில் நீள்வட்ட ரிஃப்ளெக்டர் ஒன்று ஒளியை ஓரிடத்தில் குவிக்க, அங்கே நிறுத்தப்பட்ட உலோகத் தகடு அதன் ஒரு பகுதியை மறைக்க, முன்னாலுள்ள குவிவில்லை அந்த நிழலின் விளிம்பைத் தலைகீழாகச் சாலையில் படமாக எறிகிறது. கட்-ஆஃப் கத்தியால் வெட்டியதுபோல் இருப்பது அதனால்தான். தகட்டை மின்காந்தத்தால் கீழே இழுத்து அதே ப்ரொஜெக்டரைக் கொண்டே பிரைட்டையும் தரும் அமைப்புக்குப் ‘பை-ப்ரொஜெக்டர்’ என்றும், ஒளிமூலத்தைச் சேர்த்துப் ‘பை-செனான்’, ‘பை-எல்இடி’ என்றும் பெயர் வழங்குகிறது. எந்த முறையானாலும் ஒளி தோன்றும் புள்ளி, வடிவமைப்பாளர் கணித்த இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை மாறாது.

எச்1, எச்4, எச்7, எச்11, எச்பி3 போன்ற பெயர்கள் குறிப்பது இந்த நிபந்தனையைத்தான். அவை வெளிச்சத்தின் தரவரிசை அல்ல. எச்11 எச்4-ஐவிட ‘உயர்ந்தது’ என்று எண்ணுவது தவறு. பல்பின் அடிப்பகுதி எந்த வடிவில் இருக்க வேண்டும், அதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இழை அமைய வேண்டும், இழையின் நீளம் எவ்வளவு, வாட்டும் லூமனும் எவ்வளவு என்பனவற்றை நிர்ணயிக்கும் வகைப்பெயர்கள் அவை. எச்7 பல்பின் இழை நான்கு மில்லிமீட்டரை ஒட்டிய நீளமே கொண்டது. அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சாலையில் பல மீட்டர் கணக்கில் ஒளி இடம்மாறும். எச்4-இல் இரண்டு இழைகள் உண்டு. டிம் இழையின் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று ஒளியின் கீழ்ப்பாதியை மறைப்பதாலேயே ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் பயன்பட்டுக் கட்-ஆஃப் உருவாகிறது. தன் வண்டிக்கு எந்த வகை என்பதைக் கார் கையேட்டிலோ பழைய பல்பின் அடியிலோ பார்த்துக்கொள்வதே நலம்.

அதே எச்4, எச்7 வகைக்குள்ளேயே ‘+100%’, ‘+130%’, ‘+150%’ என்று கூடுதல் விலையில் விற்கப்படும் ஆலஜன் பல்புகள் உண்டு. பிலிப்ஸின் எக்ஸ்ட்ரீம்விஷன், ஆஸ்ரமின் நைட் பிரேக்கர் ஆகியன இவ்வகையில் அறியப்பட்டவை. லூமனுக்கு விதிமுறை உச்சவரம்பு விதித்திருக்கும்போது 150 சதவீதம் கூடுதல் வெளிச்சம் எப்படி வரும் என்ற கேள்வி நியாயமானது. இழையை மேலும் நெருக்கமாகச் சுற்றிக் குறுக்கி, வாயுவின் அழுத்தத்தைக் கூட்டி, ஒளிமூலத்தைச் சிறிதாக்குவதால் சாலையின் குறிப்பிட்ட சில புள்ளிகளில் செறிவு கூடுகிறது. விளம்பர எண், அந்தப் புள்ளிகளில் சட்டம் கோரும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடப்பட்டது. சாதாரண நல்ல பல்பும் அந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டியே நிற்பதால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எண் சொல்வதைவிட மிகச் சிறியது; ஆயினும் வேறுபாடு உண்மையானது, கட்-ஆஃப் கெடாதது, சட்டத்துக்கு உட்பட்டது. இதற்கான விலையைப் பல்பின் ஆயுள் செலுத்துகிறது.

வாட்டைக் கூட்டுவது நம் ஊர்க் கடைகளின் பழைய வைத்தியம். 60/55 வாட் எச்4 இருந்த இடத்தில் 100/90 அல்லது 130/100 வாட் பல்பு மாட்டினால் வெளிச்சம் கூடுவது உண்மை. அதோடு வயரில் ஓடும் மின்னோட்டமும் கூடுகிறது. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். 100 வாட் பல்பு எட்டு ஆம்பியரைத் தாண்டும். அதைத் தாங்கும்படி செய்யப்படாத பிளாஸ்டிக் ஹோல்டர் உருகுவதும், ஸ்டீயரிங் அருகேயுள்ள சுவிட்சின் முனைகள் கருகுவதும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு சூட்டில் மங்குவதும் இதன் வழக்கமான பின்விளைவுகள். ரிஃப்ளெக்டர் மங்கிய பிறகு எந்தப் பல்பும் பயன்படாது.

இதற்கு மாறாக, அதிகம் விளம்பரம் பெறாத ‘ரிலே வயரிங் கிட்’ கவனிக்கத்தக்கது. பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் மெல்லிய வயர்கள் வழியே சுவிட்சுக்குள் சென்று திரும்புவதால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் இழக்கப்படுவதுண்டு. ஆலஜன் இழையின் ஒளி, வோல்ட் மாற்றத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை; வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைகிறது. சுவிட்சு ரிலேவை மட்டும் இயக்க, ரிலே பேட்டரியிலிருந்து தடித்த வயரில் ஃபியூஸ் வழியாக நேரே பல்புக்கு மின்சாரம் அனுப்பும் இந்த ஏற்பாட்டால், பல்பை மாற்றாமலே இழந்த வெளிச்சம் திரும்பக் கிடைக்கும். மல்ட்டிமீட்டர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையிலும் எரியும் பல்பின் முனையிலும் அளந்து இழப்பு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிட முடியும். இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கிட் தேவையில்லை.

கெல்வின் என்பது ஒளியின் நிறத்தை மட்டும் குறிப்பது. இதைச் சக்தியின் அளவாகக் கொள்வதைப் போன்ற பரவலான பிழை இந்தச் சந்தையில் வேறில்லை. ஆலஜன் பல்பு 3200 கெல்வின் அளவில் இளமஞ்சளாகவும், செனான் விளக்கு 4300 கெல்வின் அளவில் வெண்மையாகவும், நண்பகல் ஒளி 5500 முதல் 6500 கெல்வின் வரையிலும் இருக்கும். 8000-ஐத் தாண்டினால் நீலம் ஏறும். எண் ஏற ஏற வெளிச்சம் ஏறுவதில்லை. ‘கிரிஸ்டல் ஒயிட்’ என்றும் ‘ப்ளூ’ என்றும் விற்கப்படும் ஆலஜன் பல்புகளில் கண்ணாடிக் குப்பிமீது நீலப்பூச்சு பூசப்பட்டிருக்கும். பூச்சு ஒளியின் மஞ்சள், சிவப்புப் பகுதியைத் தடுத்து நிறுத்துவதால்தான் நிறம் மாறுகிறது என்பதால், அது ஒளியைக் குறைக்க வல்லதே அன்றிக் கூட்ட வல்லதன்று. நீலம் மிகுந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணை அதிகம் உறுத்தவும் செய்யும். மழையில் நனைந்த தார்ச்சாலை ஒளியைத் திரும்பி அனுப்பாமல் முன்நோக்கிச் சறுக்கிவிடுவதால் எல்லா ஹெட்லைட்டும் அப்போது மங்கலாகவே தெரியும். ஏற்கெனவே ஒளியை இழந்த நீலப்பல்பு இன்னும் மங்கும்.

மஞ்சள் விளக்கு பனிமூட்டத்தைத் துளைத்துச் செல்லும் என்ற நம்பிக்கை, ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் ஓட்டுபவர்களிடையே உறுதியாக உள்ளது. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவையாதலால் அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிக்கின்றன. துளைப்பதில் மஞ்சளுக்குத் தனிச்சிறப்பில்லை. கண்ணுக்கு உறுத்தல் குறைவு என்பது மட்டும் அதன் நன்மை. பிரான்ஸ் பல பத்தாண்டுகள் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக வைத்திருந்து 1993-இல் கைவிட்டது. பனிவிளக்கு பனியில் உதவுவதற்கு உண்மையான காரணம், அது பம்பரில் தாழப் பொருத்தப்பட்டு, அகலமாகவும் மேல்விளிம்பு மட்டமாகவும் ஒளியைப் பரப்புவதால், ஓட்டுநரின் பார்வைக்கு நேரே வெள்ளைத்திரை எழாமலிருப்பதே.

எச்ஐடி அல்லது செனான் எனப்படுவதில் இழை இல்லை. செனான் வாயுவும் உலோக உப்புகளும் அடைத்த சிறு குப்பிக்குள் இரு முனைகளுக்கிடையே மின்வில் எரிகிறது. அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட துடிப்பு தேவைப்படுவதால் ‘பேலஸ்ட்’ என்னும் மின்னணுப் பெட்டி உடன் வரும். 1991-இல் பிஎம்டபிள்யூவின் 7 வரிசைக் கார்களில் அறிமுகமான இத்தொழில்நுட்பம், 35 வாட்டில் 3200 லூமன் தந்து, 55 வாட் ஆலஜனைப்போல் இருமடங்குக்கு மேல் ஒளிர்ந்தது. டி1எஸ், டி2எஸ் முதலியன இதன் வகைப்பெயர்கள். எஸ் ப்ரொஜெக்டருக்கும் ஆர் ரிஃப்ளெக்டருக்கும் உரியன, டி3, டி4 பாதரசம் நீக்கப்பட்டவை. ஐரோப்பிய நடைமுறையில், 2000 லூமனைத் தாண்டும் டிம் ஒளிமூலம் உள்ள கார்களுக்குத் தானாகக் கோணம் சரிசெய்யும் கருவியும் விளக்குக் கண்ணாடியைக் கழுவும் கருவியும் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. கண்ணாடியிலுள்ள தூசிகூட அவ்வளவு ஒளியைச் சிதறடித்து எதிரிலிருப்பவரைக் கூசச் செய்யும் என்பதே காரணம். இந்தப் பின்னணியில், ஆலஜனுக்கென வார்க்கப்பட்ட ரிஃப்ளெக்டரில் ‘எச்4 எச்ஐடி கிட்’ மாட்டுவது எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. இன்று எல்இடி இந்தச் சந்தையைப் பெரும்பாலும் கைப்பற்றிவிட்டதால், எச்ஐடி பற்றிய ஐயம் பழைய உயர்விலைக் கார் வைத்திருப்பவர்களுக்கே எழும்.

எல்இடி என்ற ஒரே சொல்லால் இரு வேறு பொருள்கள் குறிக்கப்படுவதே இப்போதைய குழப்பத்தின் மையம். தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென வடிவமைத்துச் செய்யப்பட்ட ஹெட்லைட் ஒன்று. டிம் ஒளிக்கு எல்இடியைக் கொண்டு 2007-இல் வந்த லெக்சஸ் எல்எஸ் 600எச் இதற்கு முன்னோடி. ஆலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே துளையில் செருகும் எல்இடி பல்பு மற்றொன்று. முதலாவதன் புகழில் இரண்டாவது விற்கப்படுகிறது. ஆலஜன் இழை சிறு உருளைபோல் சுற்றிலும் ஒளி உமிழ்வது. எல்இடி சில்லுகளோ தட்டையானவை, ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் ஒட்டப்பட்டு இரு திசைகளில் மட்டும் முதன்மையாக ஒளிர்பவை. சில்லு, இழையின் இடத்திலும் அளவிலும் அமைந்து, நடுத்தகடு மெல்லியதாக இருந்தால் கட்-ஆஃப் ஓரளவு தப்பும். சில்லுகள் பெரியனவாகவோ வரிசை நீளமாகவோ இருந்தால் லூமன் கூடும், குவியம் கெடும். அதிக லூமன் காட்ட அதிகச் சில்லுகளை அடுக்கிய பல்பே ரிஃப்ளெக்டரில் மிக மோசமாக நடந்துகொள்கிறது என்ற முரண் இதிலிருந்து எழுகிறது. சில்லுகள் ஒளிரும் பக்கங்கள் இடமும் வலமும் நோக்குமாறு பல்பைத் திருகிப் பொருத்தாமல் மேலும் கீழும் நோக்க விட்டாலும் ஒளிப்பரவல் சிதையும்.

கவனமாகச் செய்யப்பட்ட மாற்று எல்இடியும் எல்லா ஹெட்லைட்டிலும் ஒரேபோல் நடந்துகொள்வதில்லை என்பதற்கு ஜெர்மனியின் அனுபவம் சான்று. அங்கே 2020-இல் ஆஸ்ரமின் நைட் பிரேக்கர் எல்இடி எச்7 பல்பு சாலையில் பயன்படுத்த அனுமதி பெற்றது. ஆனால் அனுமதி எந்தெந்தக் கார்களுக்கு, எந்தெந்த ஹெட்லைட்டுகளுக்கு எனச் சோதித்துப் பட்டியலிடப்பட்டது, பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பு சட்டவிரோதம். ‘எல்லா எச்4 கார்களுக்கும் பொருந்தும்’ என்ற கடைச்சொல்லை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

எல்இடியோடு வரும் துணைச்சொற்கள் சில சுருக்கமாக விளக்கத்தக்கன. ‘கேன்பஸ்’ என்பது காரின் மின்னணுப் பகுதிகள் தம்முள் செய்தி பரிமாறும் இணைப்பு. புதிய கார்கள் பல்பு எடுக்கும் மின்னோட்டத்தைக் கண்காணித்து, அது குறைந்தால் பல்பு எரிந்துபோனதாக எண்ணி டேஷ்போர்டில் எச்சரிக்கும். குறைவான மின்சாரம் எடுக்கும் எல்இடி அவ்வாறு ஐயுறப்படாமலிருக்கச் சேர்க்கப்பட்ட சுற்றையே ‘கேன்பஸ் வசதி’ என்கிறார்கள். வெளிச்சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐபி67-இல் 6 தூசி புகாமையையும், 7 ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தாங்குவதையும் குறிக்கும். சில்லின் சூட்டை வெளியேற்ற விசிறியோ செம்புப் பின்னலோ பின்புறம் நீட்டிக்கொண்டிருப்பதால் ஹெட்லைட்டின் ரப்பர் மூடியை மூட முடியாமல் துளையிட்டுவிடும் கடைகள் உண்டு; அடுத்த மழையில் உள்ளே நீராவி படியும்போது பல்பின் ஐபி எண்ணால் பயனில்லை.

உண்மையான முன்னேற்றத்தை விரும்புபவருக்கு உள்ள வழி, ஒளிமூலத்தோடு அதற்குரிய ஒளியியலையும் சேர்த்து மாற்றுவது. அதே மாடலின் உயர்ரக வகைக்குக் கார் நிறுவனமே தரும் ப்ரொஜெக்டர் அல்லது எல்இடி ஹெட்லைட் பொருந்துமானால் அது முதல் தெரிவு. ஹெட்லைட்டை அடுப்புச்சூட்டில் இளக்கித் திறந்து உள்ளே இரண்டரை அல்லது மூன்று அங்குலப் பை-எல்இடி ப்ரொஜெக்டரைப் பொருத்தி மீண்டும் ஒட்டும் ‘ரெட்ரோஃபிட்’ வேலையில், கட்-ஆஃப் தெளிவாக அமைவதால் கூச்சம் குறைவு. வேலை செய்பவரின் கைத்திறனையும் ஒட்டுப்பசையின் தரத்தையும் நம்பியே எல்லாம் நிற்கின்றன. ப்ரொஜெக்டரைச் சுற்றி வளையம்போல் ஒளிரும் ‘ஏஞ்சல் ஐ’ முதலியன அலங்காரம்.

முழு ஹெட்லைட்டை வாங்குபவர் அதன் கண்ணாடியில் பொறித்துள்ள குறிகளைப் படிப்பது பயன்தரும். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஐ.நா. விதிமுறைப்படி சோதித்து ஒப்புதல் பெற்றது. எண் ஒப்புதல் தந்த நாட்டைக் காட்டும், 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, தரத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டாது. எச்சி ஆலஜன் டிம்மையும், எச்ஆர் ஆலஜன் பிரைட்டையும், டிசி, டிஆர் என்பன செனானையும் குறிக்கும். எச்சிஆர் என்று பொறித்த ஹெட்லைட் ஆலஜனுக்கென்றே சோதிக்கப்பட்டது என்பதற்கு அந்த எழுத்துகளே சாட்சி. அம்புக்குறி இன்னும் முக்கியம்: விளக்கை நோக்கி நிற்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு, இடப்பக்கப் போக்குவரத்துக்கான விளக்கைக் குறிக்கும். அம்பே இல்லாத வெளிநாட்டு ஹெட்லைட் வலப்பக்கப் போக்குவரத்துக்கானதாக இருக்கலாம். அதை இங்கே மாட்டினால் கட்-ஆஃப் ஏறும் பக்கம் எதிர்வண்டியின் ஓட்டுநர் முகத்துக்கே திரும்பும். அமெரிக்காவின் டாட் குறி, தயாரிப்பாளர் தாமே அளிக்கும் உறுதிமொழி.

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106ஆம் விதி, முன்விளக்கின் ஒளி எதிரிலிருப்பவரைக் கூசவைக்காதபடி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அப்பிரிவை விளக்கி அதை உறுதிசெய்தது. நடைமுறையில் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படும் வாய்ப்பைவிட, வயரை வெட்டி ஒட்டியதைக் காரணம் காட்டி மின்பகுதிக்கான வாரண்டி மறுக்கப்படும் வாய்ப்பே வாங்குபவருக்கு நெருக்கமானது. வெட்டாமல் கப்ளரில் செருகும் கிட்டைக் கேட்டு வாங்குவது அதனால்தான் அறிவுடைமை.

இவ்வளவு சொற்களையும் கடப்பதற்குமுன், இருக்கும் ஹெட்லைட்டின் நிலையைப் பார்ப்பது செலவைக் குறைக்கும். இன்றைய விளக்குக் ‘கண்ணாடி’ உண்மையில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேற்பூச்சு வெயிலில் சிதைந்ததும் மஞ்சளித்து, ஒளியைத் தடுப்பதோடு சிதறடித்துக் கூச்சத்தையும் கூட்டும். தேய்த்து மெருகேற்றி, புற ஊதாக்கதிரைத் தடுக்கும் பூச்சை மீண்டும் பூசினால் வெளிச்சம் மீளும். பற்பசையால் தேய்ப்பது பூச்சின்றி விடுவதால் விரைவில் மறுபடியும் மஞ்சளிக்கும். அடுத்தது கோணம். ஸ்டீயரிங் அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் பல கார்களில் உள்ளது. ஐவர் அமர்ந்து டிக்கியில் சுமை ஏற்றியதும் பின்பகுதி தாழ்ந்து முன்பகுதி ஒரு பாகை எழுந்தால், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கிய கட்-ஆஃப் முக்கால் சென்டிமீட்டர் ஏறத் தொடங்கி எதிரிலிருப்பவரின் கண்ணை எட்டிவிடும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. அதைத் தொட்டே பாராத ஓட்டுநர்கள் ஏராளம். ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் நம் ஊர் வழக்கம் கோணம் தவறிய விளக்கைத் திருத்துவதில்லை. தேவையான ஒளியில் ஒரு துண்டை மறைப்பதோடு சரி.

எந்த மாற்றத்தைச் செய்தாலும், கடையை விட்டு வெளியேறுமுன் மட்டமான தரையில் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறித்து, டிம்மைப் போட்டுப் பார்க்கலாம். கட்-ஆஃப் அந்தக் குறிக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கீழே, இரு விளக்கிலும் ஒரே மட்டத்தில், இடக்கோடியில் மட்டும் ஏறுவதாக இருக்க வேண்டும். கோடே தெரியாமல் வெளிச்சம் சுவர் முழுவதும் பரவி நின்றால், கோணத்தைத் திருகிச் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. பழைய பல்பைத் திரும்பப் போடச் சொல்லிப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதே செய்யத்தக்கது.